மிளகுக்கு விட்ட சொட்டு மருந்து

போன வருடம் மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது இது. ஒரத்தநாட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, வாய்க்காலை ஒட்டின ஊர் எங்களுடையது. சம்பா அறுவடை முடிந்து, அறுப்புக்கு முன்னே தெளித்த உளுந்து வயலெல்லாம் பச்சை கட்டி நிற்கிற நேரம். இப்போது எழுத உட்கார்ந்தாலும் எனக்குக் கை பரபரக்கிறது. யாரிடம் சொன்னாலும் மூச்சு விடாமல்தான் சொல்லுவேன். கேட்கிறவர்கள், "மெதுவா சொல்லு, ரயிலா போகுது?" என்று கிண்டல் செய்வார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு பூனை. வெள்ளை உடம்பு முழுக்கக் கறுப்புப் பொட்டு பொட்டாக இருக்கும், அதனால் பெயர் மிளகு. வீட்டுக்காரர் வெளிநாட்டில் வேலை செய்கிறார். வீடியோவில் வந்தால் முதலில் "மிளகு எங்கே?" என்றுதான் கேட்பார், அப்புறம்தான் நான். கோபம் வரும். ஆனால் அவரைச் சொல்லியும் குற்றமில்லை. விதைநெல் மூட்டை அடுக்கிய அறைக்கு மிளகுதான் காவல். அது வந்த பிறகு எங்கள் வீட்டு மூட்டை ஒன்றுகூட ஓட்டை விழுந்தது கிடையாது. வேலை முடிந்தால் என் தையல் மெஷின் பெடலுக்கு அடியில் வந்து சுருண்டு படுத்துக்கொள்ளும். நான் காலை ஒதுக்கி வைத்துக்கொண்டுதான் தைக்க வேண்டும். மகாராணிக்குத் தூக்கம் கலையக்கூடாது.

அறுவடை முடிந்து வைக்கோல் வந்து இறங்கியதும் பூனைகளுக்குக் கொண்டாட்டம். வைக்கோலில் புரளும், தூங்கும், கூடவே தெள்ளுப்பூச்சியையும் கூட்டிக்கொண்டு வரும். அந்த வருடம் பூச்சித் தொல்லை ரொம்ப அதிகம். தெருவில் எல்லா வீட்டுப் பூனையும் நின்ற இடத்தில் சொறிந்துகொண்டு இருந்தது.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. யார் டவுனுக்குப் போனாலும் தெருவுக்கே சேர்த்து வாங்கி வருவார்கள். ஜாக்கெட் துணிக்கு லைனிங்கில் இருந்து மிக்ஸி ஜாருக்கு ரப்பர் வரை எல்லாம் அப்படித்தான். எதிர்வீட்டு அக்கா டவுனுக்குப் போனபோது மருந்துக் கடையில் பூனைக்குத் தெள்ளு மருந்து கேட்டிருக்கிறார். கடைக்காரர் ஒரு பெட்டியைத் திறந்து, வரிசையாக ஒட்டியிருந்த குட்டிக் குட்டி டியூபுகளைக் கத்தரித்து, காகிதத்தில் சுற்றிக் கொடுத்திருக்கிறார். கழுத்துக்குப் பின்னால் சொட்டு விட்டால் போதும், நக்காது, பூச்சி உதிர்ந்துவிடும் என்று சொல்லி அனுப்பினார். பெட்டி கடையிலேயே இருந்துவிட்டது. அக்கா அந்த டியூபுகளைப் பூனை இருக்கிற வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். அப்போது மிளகு அவ்வளவாகச் சொறியவில்லை என்பதால் நான் வேண்டாம் என்றுவிட்டேன்.

அதற்குள் இன்னொரு கதை தொடங்கிவிட்டது. எதிர்வீட்டு அக்காவின் பூனை வெட்டி வெட்டி இழுத்துச் செத்துப்போனது. பின்னாலேயே கடைசி வீட்டுப் பூனையும். எங்கள் ஊரில் ஒரு பூனை வலிப்பு வந்து செத்தால் யாரும் யோசிக்கவே மாட்டோம். எலி மருந்து. அவ்வளவுதான். உளுந்துக் காலத்தில் வரப்புக்கு வரப்பு எலி வளை. பொரியில் மருந்தைக் கலந்து வளைக்குப் பக்கத்தில் வைப்பார்கள். அதைத் தின்ற எலியைப் பூனை தின்னும், பூனை போய்ச் சேரும். வருடா வருடம் பார்க்கிறோமே.

தெருவுக்குப் பின்னால் இருக்கிற வயல் ஒருத்தருடையது. அவரும் எங்கள் தெருக்காரர்தான், லோடு வண்டியும் வைத்திருக்கிறார். முந்தைய வருடங்களில் அவர் எலி மருந்து வைத்தது ஊருக்கே தெரியும். "இந்த வருஷம் கிட்டிதான் வச்சிருக்கேன், வந்து பாருங்க" என்று அவர் சொல்லிப் பார்த்தார். கிட்டி என்றால் மூங்கிலை வளைத்துக் கயிறு கட்டி வரப்பில் நிறுத்துகிற எலிப்பொறி. யார் போய்ப் பார்த்தது? எதிர்வீட்டு அக்கா அவர் வரப்பிலேயே போய் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தார். தெருவில் அவரோடு பேச்சு நின்றது. அவர் வீட்டுக் குழந்தையின் காதுகுத்துக்குப் பாதிப் பேர் போகவில்லை. நானும் போகவில்லை. அதுவரை வாய் நிறைய "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் அதைவிட நீளம்.

அந்த வியாழக்கிழமை மிளகு சொறிந்த சொறியில் கழுத்தில் புண்ணே வந்துவிட்டது. எதிர்வீட்டு அக்காவிடம் போய் அந்தச் சொட்டு மருந்து மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் ஒரு டியூபை எடுத்துக் கையில் கொடுத்து, "போட்ட மறுநாளே பூச்சியெல்லாம் உதிர்ந்துடுச்சுடி, நல்ல மருந்து. பூனைதான் கொடுத்து வைக்கல" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைக் கேட்டுவிட்டும் என் மண்டையில் ஒன்றுமே உறைக்கவில்லை! சாயங்காலம் மிளகைப் பிடித்து உட்கார வைத்து, முழு டியூபையும் கழுத்தில் விட்டேன்.

மறுநாள் மத்தியானம் சோறு வடித்துவிட்டு வந்து மெஷினில் உட்கார்ந்தேன். பெடலுக்கு அடியில் மிளகு. காது மட்டும் தனியாகத் துடிக்கிறது. ஈ மொய்க்கிறதோ என்று பார்த்தேன், ஈயும் இல்லை, எதுவும் இல்லை. கூப்பிட்டேன். எழுந்தது, நாலு எட்டு வைத்தது, குடித்தவன் மாதிரி பக்கவாட்டில் சாய்ந்தது. முதுகுத் தோல் அலை அலையாகத் துடித்தது. அப்புறம் கால்கள் விறைத்து, வாயில் நுரை தள்ளி, ஐயோ! எனக்கு உயிரே போய்விட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், என் பிள்ளைக்கு ஜுரம் வந்தபோதுகூட நான் அப்படிக் கத்தியதில்லை.

துண்டில் மிளகைச் சுருட்டிக்கொண்டு ஓடினேன். ஆட்டோவுக்குப் போன் அடித்தால், ஊரில் இருக்கிற ரெண்டு ஆட்டோவும் முகூர்த்தத்துக்குப் போயிருக்கிறது. தெரு முனையில் நின்றது ஒரே ஒரு வண்டி. குட்டியானை என்று நாங்கள் சொல்லுகிற சின்ன லோடு வண்டி. அவருடையது. பின்னால் பாதி வைக்கோல் ஏற்றி, கயிறு கட்டிக்கொண்டு நின்றார். வேறு வழியே இல்லை. அப்போதும் என் வாய் சும்மா இருந்ததா? "உங்க எலி மருந்தால எம் பூனை சாவுது, இப்ப சந்தோஷமா?" என்றுதான் ஆரம்பித்தேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. துண்டுக்குள் துடிக்கிற மிளகைப் பார்த்தார். கட்டிய கயிற்றை அவிழ்த்து, வைக்கோல் கட்டுகளையெல்லாம் ரோட்டோரம் தள்ளிவிட்டு, முன்கதவைத் திறந்துவிட்டார். நான் ஏறி உட்காருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

வழி முழுக்கத் திட்டினேன். கொஞ்ச நஞ்சமல்ல. செத்துப்போன மற்றப் பூனைகளுக்கும் சேர்த்துத் திட்டினேன். பாதி ரோட்டை அடைத்து நெல் காய்கிறது, அவர் ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கி ஏற்றி ஓட்டுகிறார், நான் நிறுத்தவில்லை. ஓர் இடத்தில் வாத்துக்காரர்கள் மந்தையை ரோட்டைக் கடக்க விட்டிருந்தார்கள். அறுவடை முடிந்த வயலுக்கு வாத்து வருமே, அதுதான். நூற்றுக்கணக்கில் நிதானமாக, ஆடி அசைந்து போகின்றன. ஹாரன் அடித்தால் நின்று திரும்பிப் பார்க்கின்றன! அவர் குதித்து இறங்கித் துண்டைச் சுழற்றிக்கொண்டு வாத்துகளுக்கு நடுவே ஓடினார். வாத்துக்காரர் கத்த, இவர் பதிலுக்குக் கத்த, வாத்துகள் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்த, ஒருவழியாக வழி கிடைத்தது. திரும்ப ஏறி உட்கார்ந்ததும் அந்தப் பயணத்திலேயே முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"திட்டுறத அப்புறம் திட்டிக்கலாம். பூனைய நெஞ்சோட சேத்துப் புடிங்க, ஆட்டத்துல மூச்சு முட்டிடப் போவுது."

மிளகை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அதன் நெஞ்சு படபடவென்று அடிப்பது என் நெஞ்சில் தெரிந்தது. அதற்கு மேல் எனக்குத் திட்ட வரவில்லை.

ஒரத்தநாட்டு மாட்டாஸ்பத்திரியில் வாசலிலேயே கன்றுக்குட்டியும் ஆடுமாகக் கூட்டம். வலிப்பு என்றதும் எல்லாரும் வழி விட்டார்கள். டாக்டரம்மா சின்னப் பெண், என் தங்கை வயதுதான் இருக்கும். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னே நானே தீர்ப்பு சொல்லிவிட்டேன். எலி மருந்துங்க, இதோ நிக்கிறாரே இவர் வச்சதுதான் என்று கையை நீட்டினேன். சுற்றி நின்றவர்கள் எல்லாம் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த தலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

டாக்டரம்மா மிளகின் வாயை முகர்ந்து பார்த்தார். ஈறைத் தூக்கிப் பார்த்தார். ஊசி போட்டுக்கொண்டே இன்னொரு கையால் கழுத்தைத் தடவியவர், சட்டென்று நிறுத்தி விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். எண்ணெய் மாதிரி பிசுபிசுப்பு.

"கழுத்துல என்னம்மா விட்டீங்க?"

அது ஒன்றும் இல்லை, நேற்றுச் சாயங்காலம் விட்ட தெள்ளு மருந்து, நல்ல மருந்து என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. அடுத்த நிமிடமே மிளகைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்குப் போனார். பாத்திரம் விளக்குகிற சோப்புத் தண்ணியைக் கொண்டுவரச் சொல்லி, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுத்தையும் முதுகையும் திரும்பத் திரும்பக் கழுவினார். கழுவிக்கொண்டே எனக்கு விளக்கினார். நாய்க்கு விடுகிற சில மருந்துகளில் இருக்கிற சரக்கை நாயின் உடம்பு தாங்கிவிடும், பூனையின் உடம்பால் அதை உடைத்து வெளியேற்ற முடியாது, நேராக நரம்பைத் தாக்கும், காதில் தொடங்கி உடம்பெல்லாம் துடிக்கும் என்றார். இதுவும் அப்படித்தான் தெரிகிறது, டியூபைப் பார்த்தால் இன்னும் தெளிவாகச் சொல்வேன் என்றார். பிறகு மிளகைத் துடைத்து, காலில் டிரிப்ஸ் ஏற்றி, சூட்டுக்கு வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தார்.

"இதே மருந்த வேற பூனைக்கு யாராவது விட்டாங்களா?"

எதிர்வீட்டுப் பூனைக்கு விட்டார்கள். கடைசி வீட்டுப் பூனைக்கு விட்டார்கள். இரண்டும் மறுநாளே செத்தன. பூச்சி உதிர்ந்தது, பூனை கொடுத்து வைக்கவில்லை! அக்கா சொன்னது அப்போதுதான் என் காதில் விழுந்தது என்று சொல்ல வேண்டும்.

அப்போதுதான் பளீரென்று ஞாபகம் வந்தது. அக்காவின் பூனை ஒரு குட்டியை விட்டுவிட்டுச் செத்திருந்தது. அக்கா அதற்குப் பால் புகட்டி, மடியிலேயே வைத்து வளர்த்துக்கொண்டிருந்தார். அன்று காலையில் கோலம் போடும்போது என்னிடம் சொல்லியிருந்தார், மத்தியானத்துக்கு மேலே குட்டியைக் குளிப்பாட்டி அதுக்கும் ரெண்டு சொட்டு விடப்போறேன் என்று. மணி மத்தியானத்தைத் தாண்டிவிட்டது!

போன் அடித்தேன். எடுக்கவில்லை. அந்த அக்காவின் போன் எப்போதும் உள்ளே சார்ஜில் கிடக்கும், அவர் கொல்லையில் இருப்பார். திரும்பவும் அடித்தேன். மணி அடித்து அடித்து நின்றது. என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பினேன். என்னையும் அறியாமல் வாயில் வந்துவிட்டது.

"அண்ணே, அந்தக் குட்டி!"

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் சாவியோடு வாசலைத் தாண்டிவிட்டார். நீங்க போன் அடிச்சுக்கிட்டே இருங்க என்று சொன்னது மட்டும் கேட்டது.

யோசித்துப் பாருங்கள். எந்த வீடு அவர் வயலில் மண்ணை வாரித் தூற்றியதோ, அந்த வீட்டுக்கு அவர் போகிறார். அவர் சொன்னால் அக்கா கேட்பாரா? டிரிப்ஸ் பாட்டிலையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நான் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும். மிளகின் கால் உதறும்போதெல்லாம் எனக்கு அந்தக் குட்டியின் முகம் வந்தது. கண் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது அதற்கு.

அங்கே நடந்ததை அக்காவே பிற்பாடு எனக்கு நடித்துக் காட்டினார். கொல்லைக் குழாயடியில் குட்டியைத் துடைத்து மடியில் வைத்து, டியூபின் மூக்கைத் திருகி எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து வேலியைத் தாண்டிக்கொண்டு இவர் ஓடி வருகிறார், "விடாதீங்க, விடாதீங்க" என்று கத்திக்கொண்டு. அக்காவுக்கு வந்ததே கோபம்! தாயைக் கொன்றது போதாதென்று குட்டியையும் பிடுங்க வருகிறானா என்று பக்கத்தில் கிடந்த விளக்குமாற்றை எடுத்து முதுகில் நாலு சாத்து சாத்திவிட்டார். அவர் வாங்கிக்கொண்டார். ஒரு கையால் முகத்தை மறைத்துக்கொண்டு இன்னொரு கையால் தன் போனை நீட்டினாராம். ஓட்டிக்கொண்டே எனக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டு வைத்திருந்தார்.

நான் ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று கத்தினேன், "அக்கா, அந்த மருந்தக் கீழ வச்சிடுங்க. உங்க காலப் புடிக்கிறேன், கீழ வச்சிடுங்கக்கா." ஆடு பிடித்துக்கொண்டு நின்றவர்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். பார்க்கட்டுமே! மறுமுனையில் குழாய்த் தண்ணீர் கொட்டுகிற சத்தம். அதற்கு நடுவே அக்காவின் குரல் வந்தது.

"வச்சிட்டேன்டி. ஏன், என்னாச்சு?"

போனைப் பிடித்துக்கொண்டே அழுதுவிட்டேன். சந்தோஷத்திலா, பயத்திலா, தெரியாது.

கொஞ்ச நேரத்தில் குட்டியானை திரும்பி வந்தது. முன் சீட்டில் அக்கா, மடியில் ஈரக் குட்டி, கையில், இன்னும் விடாமல் வைத்திருந்த வீடுகளிலிருந்தும் திரும்ப வாங்கிச் சேர்த்த மிச்ச டியூபுகள் சுற்றிய காகிதம். அதுவரை அவர் முகத்தில் விழிக்கமாட்டேன் என்றிருந்த மனுஷி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்து இறங்குகிறார்! என் குப்பைக்குழியைக் கிளறி, நான் தூக்கிப் போட்ட காலி டியூபையும் அண்ணன் தேடி எடுத்து வந்திருந்தார். டாக்டரம்மா கேட்டிருந்தது அவர் காதில் விழுந்திருக்கிறது.

டாக்டரம்மா டியூபைப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்தார். சாதாரணக் கண்ணால் படிக்கவே முடியாத பொடி எழுத்து, அதுவும் இங்கிலீஷ். நாய்களுக்கு மட்டும் என்று இருந்தது. பூனைக்குக் கூடாது என்கிற எச்சரிக்கை பெட்டி மேலே இருந்திருக்கும் என்றார். அந்தப் பெட்டிதான் எங்கள் யார் வீட்டுக்கும் வரவே இல்லையே. இனிமேல் எந்த மருந்தானாலும் இங்கே கேட்டுவிட்டு விடுங்கள் என்று பொறுமையாகச் சொன்னார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப எம் பூனைய நானேதான் கொன்னேனா?"

யார் பேசியது தெரியுமா? அண்ணன்தான். அக்காவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "தெரிஞ்சா செஞ்சீங்க? தெருவுக்கே நல்லது பண்ணனும்னுதானே வாங்கிட்டு வந்தீங்க. மனசப் போட்டு வதைச்சுக்காதீங்கக்கா" என்றார். விளக்குமாற்றுத் தூசி அவர் சட்டை முதுகில் அப்படியே இருந்தது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு டாக்டரம்மா இதை எழுதி அனுப்ப வேண்டும் என்றார். மருந்து போட்டபின் பிராணிக்கு ஏதாவது ஆகிவிட்டால், அந்த மருந்துதான் காரணமோ என்று சந்தேகம் வந்தாலே தெரிவிக்கலாமாம். மருந்துக் கம்பெனிக்கும், மருந்துகளைக் கண்காணிக்கிற அரசாங்கப் பிரிவுக்கும். நாங்கள் மருந்தைத் தப்பாகப் பயன்படுத்தியிருந்தாலும் பரவாயில்லை, அதுவும் அவர்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம்தான், நான் அனுப்புகிறேன், நீங்களும் சொல்லுங்கள் என்றார்.

அவ்வளவு நேரம் வீராவேசமாகப் பேசிய எனக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. கம்பெனி, அரசாங்கம் என்றால் வம்பாயிற்றே! கேஸ் கீஸ் என்று அலைய விடுவார்களோ? இழுத்து இழுத்துப் பேசினேன். நிச்சயமாத் தெரியாம எப்படிங்க எழுதுறது, ஆதாரம் வேணாமா, பாவம் ஒரு கம்பெனி மேல பழி போடலாமா என்றேன்.

டாக்டரம்மா சிரித்தார். "சந்தேகம் போதும்மா. நீங்க பாத்தத பாத்தபடி சொன்னா போதும். நிஜமா இல்லையான்னு பாக்குறது அவங்க வேலை."

யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது எனக்கு. முகம் தெரியாத கம்பெனிக்காக ஆதாரம் கேட்கிறேன். தினம் எதிரே வருகிற மனுஷன் விஷயத்தில் கேட்டேனா? வரப்பில் கிட்டி இருக்கிறது வந்து பாருங்கள் என்று அவர் கூப்பிட்டபோது, கூப்பிடு தூரத்தில் இருக்கிற வயலுக்குப் போய் எட்டிப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லையே. சற்று முன்னால் இத்தனை பேர் நடுவில் கையை நீட்டிக் காட்டினேனே. அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாமா என்றிருந்தது.

எழுதச் சம்மதித்தோம். என்றைக்கு விட்டோம், எவ்வளவு விட்டோம், எவ்வளவு நேரத்தில் துடிக்க ஆரம்பித்தது, வேறு என்ன தின்றது, டியூபில் இருக்கிற எண் என்ன என்று டாக்டரம்மா கேட்கக் கேட்கச் சொன்னேன். அக்கா அழுகையை நிறுத்திக்கொண்டு தன் பூனையைப் பற்றிச் சொன்னார். கடைசி வீட்டுப் பூனை எப்படிச் செத்தது என்று மட்டும் எங்களுக்குத் தெரியவில்லை. போன் போட்டுக் கேட்டால், அது எங்கேயோ போய்ச் செத்துக் கிடந்தது என்றார்கள்.

ஓரமாக நின்ற அண்ணன் ஓர் எட்டு முன்னே வந்தார். "நான் பாத்தேன்" என்றார்.

அந்தப் பூனை அவர் வரப்புக்குத்தான் வந்து விழுந்திருக்கிறது. காது துடித்ததையும், முதுகுத் தோல் அலை அலையாக ஓடியதையும் அவர் பார்த்திருக்கிறார். கையில் தண்ணீர் எடுத்து வாயில் விட்டுப் பார்த்திருக்கிறார், இறங்கவில்லை. கழுத்தில் எண்ணெய் மாதிரி இருந்தது, கையெல்லாம் பிசுக்கு ஒட்டியது, மண்ணில் தேய்த்துக் கழுவினேன் என்றார். இதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று அக்கா கேட்டார். அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "சொன்னா யாரு நம்பியிருப்பா?" என்றார், கோபமே இல்லாமல். டாக்டரம்மா அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் ஆக ஆக மிளகின் துடிப்பு குறைந்தது. முதலில் கால்கள் தளர்ந்தன, பிறகு தோல் அடங்கியது, காது மட்டும் அவ்வப்போது சுண்டிக்கொண்டிருந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. பார்த்துவிட்டு, அவ்வளவு பாடுபட்ட எங்களுக்கு ஒரு மரியாதையும் இல்லாமல், சோப்பு வாசனை அடிக்கிற தன் காலை நக்கப் பார்த்தது! நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் "வேண்டாம்" என்று கத்தினோம். அப்புறம் சிரித்தோம் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. பக்கத்துக் கட்டையில் கட்டியிருந்த கன்றுக்குட்டி மிரண்டுபோனது.

முழுதாகத் தேறுகிற வரை மிளகு ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தது. தினம் கூட்டிப் போனது குட்டியானைதான். முதல் நாள் ஏறும்போதே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். வார்த்தை சரியாக வரவில்லை, உளறினேன். அவர் கியரைப் போட்டுக்கொண்டே, "உன்னைய மறுபடி அண்ணேன்னு கூப்பிட வைக்க ஒரு பூனைக்கு வலிப்பு வர வேண்டியிருக்கு" என்றார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். அவர் கேட்காமலேயே அவர் வயலுக்குப் போய் வரப்பெல்லாம் நடந்து பார்த்தேன். வளைக்கு வளை கிட்டிதான் நின்றது. ஒரு பொரிகூட இல்லை.

அக்கா செய்தது அதைவிடப் பெரிது. தெருவே கூடுகிற இடம் எங்கள் ஊரில் காலையில் பால் சொசைட்டிதான். அக்கா தூக்குப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். பூனைகளைக் கொன்றது நான் வாங்கி வந்த மருந்து, அவர் இல்லை, அவரைச் சொன்னவள் நான், இனி யாரும் சொல்லக்கூடாது என்றார். தான் செய்ததை மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் சொன்னார். கடைசி வீட்டுக்காரர் பால் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, வரிசையில் நின்ற அண்ணனிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணனுக்கு வெட்கம் தாங்கவில்லை, பால் அளந்த சீட்டைக்கூட வாங்காமல் ஓடிவிட்டார்.

சில வாரம் கழித்து எனக்கு ஒரு போன் வந்தது. கம்பெனியிலிருந்து பேசுகிறோம் என்றார்கள். கேஸ்தான் என்று நினைத்தேன். இல்லை! அவர்களுடைய டாக்டர் ஒருவர் மரியாதையாக, நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் மறுபடி கேட்டார். மிளகு எப்படி இருக்கிறது என்றும் கேட்டார். டவுன் கடையில் டியூபைக் கத்தரித்துச் சில்லறையாகக் கொடுப்பது நின்றது. இந்த வருடம் அறுவடை முடிந்து, அண்ணன் வீட்டு நாய்க்கு மருந்து வாங்கக் கடைக்குப் போனோம். பெட்டியோடுதான் கொடுத்தார்கள். திறந்து பார்த்தால், ஒவ்வொரு டியூபின் மேலேயும் தனித்தனியாக ஒரு பூனைப் படம், அதன் குறுக்கே சிவப்புக் கோடு. படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும்! கடை என்றும் பார்க்காமல் நான் சந்தோஷத்தில் கூச்சல் போட்டேன். எங்களால்தான் மாறியது என்று சொல்லமாட்டேன். எங்களைப் போல் பல ஊரிலிருந்தும் எழுதியிருப்பார்கள் என்றார் டாக்டரம்மா. இருக்கட்டும், அதில் எங்கள் தெருவின் குரலும் ஒன்று.

அக்காவின் குட்டி இப்போது பெரிய பூனை. எங்கள் வீட்டு வைக்கோலிலும் அதுதான் ராணி, மிளகுக்கும் அதற்கும் தினம் சண்டை. மிளகின் கழுத்தில் புண் இருந்த இடத்தில் மட்டும் இன்னும் முடி சரியாக முளைக்கவில்லை. யார் மேலாவது சந்தேகம் வந்து நாக்கு துறுதுறுக்கும்போதெல்லாம் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு சந்தேகத்தைக் கூட்டத்தின் நடுவில் கத்திச் சொன்னபோது ஒரு நல்ல மனுஷன் தலை குனிந்து நின்றார். இன்னொரு சந்தேகத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னதால், எனக்குத் தெரியாத எந்த ஊரிலோ, எந்த வீட்டு மடியிலோ ஒரு குட்டி இன்று துள்ளிக்கொண்டிருக்கும் என்று நினைக்கும்போது, இன்னும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது.